உடம்புக்காரியைத் தவிர எல்லோருக்கும் சம்மதம்

நம் நாட்டில் ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழிக்க யார் யாரெல்லாம் சம்மதம் தரலாம்? புருஷன் தரலாம். புருஷன் துபாயில் இருந்தால் மாமியார் தரலாம். மாமியார் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தால் கொழுந்தன் தரலாம். அம்மா, அண்ணன், சித்தப்பா, துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்று யார் கையெழுத்தும் செல்லும். பேனா எழுதினால் போதும். பேனா பிடிக்கத் தெரியாவிட்டால் மைப்பெட்டி தயாராக இருக்கிறது. இந்தப் பட்டியலில் இடம் கிடைக்காத ஆள் ஒருத்திதான். வயிறு யாருடையதோ, அவள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் என்னோடு 1995ஆம் வருடத்து டெல்லிக்கு வாருங்கள்.

மே 9ஆம் தேதி. திருமணம் ஆகாத 44 வயதுப் பெண் ஒருவர், ஒன்பது நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்று ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்குக்குப் போகிறார். அன்றே ஸ்கேன். நோய் என்னவென்று உறுதிசெய்ய, மறுநாள் மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். மறுநாள் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறார் அந்தப் பெண். படிவங்களில் கையெழுத்துப் போடுகிறார். நோயறியவும் சிகிச்சைக்குமான லேப்ராஸ்கோப்பி, தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்று படிவத்தில் எழுதியிருந்தது. கருப்பையை எடுப்பதைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

மயக்கம் கொடுத்தாயிற்று. கருவியை விட்டுப் பார்த்தாயிற்று. எண்டோமெட்ரியோசிஸ் முற்றியிருக்கிறது. அப்போது உதவி மருத்துவர் தியேட்டரை விட்டு வெளியே வந்து, காத்திருந்த அம்மாவிடம் கருப்பையை எடுக்க ஒப்புதல் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். கருப்பை போயிற்று. கூடவே இரண்டு சினைப்பைகளும் இரண்டு கருக்குழாய்களும் போயின. பரிசோதனைக்கு வந்தவர் கண் விழித்தபோது ஐந்து உறுப்புகள் குறைந்திருந்தார்.

இன்னும் சில மணி நேரத்தில் கண் விழித்துப் பேசப்போகிறவரை விட்டுவிட்டு, அவரைப் பெற்றவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். 44 வயது! ஓட்டுப் போடலாம், சொத்து வாங்கலாம், விற்கலாம், வேண்டாதவன் மேல் வழக்குப் போடலாம். தன் கருப்பை தன்னிடம் இருக்கலாமா என்பதற்கு மட்டும் அம்மாவின் அனுமதி.

கேட்டால் மருத்துவர் தரப்பில் பதில் ரெடி: எல்லாம் அவர் நல்லதுக்குத்தான்! இன்னொரு ஆபரேஷன் மிச்சம், செலவும் மிச்சம். எவ்வளவு கரிசனம் பாருங்கள். எங்கள் தெரு மெக்கானிக்கிடம் பைக்கை சர்வீசுக்கு விட்டால், அதே கையோடு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிற இந்தக் கரிசனம் அவனுக்கு வரமாட்டேன் என்கிறது. "அண்ணே, பிரேக் ஷூ தேஞ்சு போச்சு, மாத்திடவா?" என்று போன் போட்டுக் கேட்கிறான். பாவம், எட்டாம் வகுப்போடு நின்றவன். எம்.டி. படித்திருந்தால் கேட்காமலே கழற்றி எடுத்திருப்பான்.

அந்தப் பெண் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2008 ஜனவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் கருப்பையை எடுப்பதற்கான சம்மதம் ஆகாது. தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருப்பதால் அம்மாவின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, கண் விழிக்கும்வரை பொறுக்க முடியாது என்றால் மட்டுமே கேட்காமல் கை வைக்கலாம். நோயாளிக்கு நல்லது, செலவு மிச்சம், வலி மிச்சம் என்பதெல்லாம் காரணமே ஆகாது. இதைவிடத் தெளிவாக ஒரு நீதிமன்றம் பேச முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்கில் மருத்துவர்களே இரண்டு கட்சியாக நின்றார்கள். அந்தக் கட்டத்தில் கருப்பையை எடுத்தது சரியா, மருந்தில் பார்த்திருக்க வேண்டுமா என்று நிபுணருக்கு எதிராக நிபுணர் சாட்சி. பெரிய பெரிய மருத்துவச் சொற்கள், பெரிய பெரிய பட்டங்கள். மயக்கம் தெளியும்வரை பொறுத்திருந்தால் இந்தச் சண்டைக்கே வேலை இருந்திருக்காது. எது சரி என்று அந்தப் பெண்ணே ஒரு வரியில் சொல்லியிருப்பார். நம் மருத்துவ உலகம் ஒரு வரி கேட்பதைவிடப் பதின்மூன்று வருடம் வாதாடுவதையே விரும்புகிறது.

சரி, இழப்பீடு எவ்வளவு? கேட்டது 25 லட்சம். கிடைத்தது 25 ஆயிரம். மருத்துவருக்குக் கட்டணம் தர வேண்டாம் என்பது கொசுறு. அறுவையில் கவனக்குறைவு இல்லை, நல்லெண்ணத்தில் செய்தார் என்று நீதிமன்றம் கருதியது. இருக்கட்டும். கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ளவர்கள் வகுத்துப் பாருங்கள்: ஐந்து உறுப்புகள், 25,000 ரூபாய். உறுப்பு ஒன்றுக்கு ஐயாயிரம். சட்டம் தெளிவாகவும் விலை மலிவாகவும் இருந்தால், தவறு செய்கிறவன் சட்டத்தைப் பார்ப்பானா, விலையைப் பார்ப்பானா?

அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி. நோயாளி தெரிந்துகொள்ள விரும்பக்கூடிய எல்லா ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்கிற அமெரிக்க அளவுகோல் நமக்கு வேண்டாம். மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்களோ அவ்வளவு சொன்னால் போதும் என்கிற இங்கிலாந்து அளவுகோல் போதும் என்றார்கள். இங்கே பெரும்பாலோர் ஏழைகள், அவர்களுக்கு எந்தச் சிகிச்சை கிடைத்தாலும் அது வரம் அல்லது சலுகை, சம்மதம், தேர்வு என்பதெல்லாம் அவர்களுக்கு அர்த்தமில்லாதவை என்று நாட்டு நிலைமையைப் படம்பிடித்துக் காட்டினார்கள். படம் உண்மைதான். ஆனால், ஏழைக்கு உரிமை எட்டவில்லை என்று கண்டுபிடித்த பிறகு, உரிமையை எட்டும்படி வைப்பதா, இருக்கிற உயரமே போதும் என்பதா? இதில் இன்னொரு கூத்து, நாம் இரவல் வாங்கிய அந்த அளவுகோலை இங்கிலாந்தே 2015இல், மாண்ட்கோமரி வழக்கில், தூக்கிப் போட்டுவிட்டது. நாம் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நீதிமன்றம் கிடக்கட்டும், மருத்துவர்களின் சொந்த வேதப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் போட்ட தொழில்நெறி விதிமுறைகள். 2023 ஆகஸ்டில் புதிய விதிகளைக் கொண்டுவந்து அதே மாதத்தில் கிடப்பில் போட்டார்கள். ஆகவே பழசுதான் இன்றும் நடப்பில். அதில் 7.16ஐப் பிரித்துப் படியுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் எழுத்து மூலம் யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும்? முதலில் கணவன் அல்லது மனைவி. அடுத்து, சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர். அதற்கும் அடுத்து, கடைசியாக, 'சந்தர்ப்பத்துக்கு ஏற்றபடி' நோயாளி. அவரவர் உடம்புக்கு அவரவரே கடைசி வரிசை! அதற்கடுத்த வாக்கியம் இன்னும் அழகு. பிள்ளைப்பேற்றை நிறுத்தக்கூடிய அறுவை என்றால் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும். இத்தனைக்கும், கருத்தடைக்குத் துணைவரின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. வயதுவந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் கேள்வி என்ன? "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?" குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்தாலும் பரவாயில்லை, அவர் வந்தாக வேண்டும். தள்ளாடும் அந்தக் கைக்கு இருக்கிற மதிப்பு, தெளிவாக நிற்கிற இவள் வாய்க்கு இல்லை.

இனி அந்தப் புகழ்பெற்ற காகிதம். பெரும்பாலான மருத்துவமனைகளில் அது ஆங்கிலத்தில் இருக்கும். "எனக்குப் புரிகிற மொழியில் எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது" என்ற வரியும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு ஓடும். அதைப் பிறகு யாரோ நிரப்பிக்கொள்வார்கள். கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"இது எதுக்குங்க சிஸ்டர்?"

"ஃபார்மாலிட்டிதான்க்கா. எல்லாருமே போடுறதுதான். சீக்கிரம் போடுங்க, டாக்டர் தியேட்டர்ல வெயிட் பண்றாரு."

வெட்டப் போகிறவர் உள்ளே இருக்கிறார். விளக்கம் சொல்ல வந்தவர் இரவு டியூட்டி முடித்துக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிற நர்ஸ். அவரைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. என்ன ஆபரேஷன் என்று அவருக்கே முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பச்சை உடுப்பு மாட்டி, வளையலைக் கழற்றி, தாலியைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிற பெண் அந்தப் பெருக்கல் குறியின் மேல் பெயரை எழுதுகிறாள். இதற்குப் பெயர் சம்மதமாம். கடைசி வரி மட்டும் மருத்துவமனைக்கு மனப்பாடம்: எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல.

எல்லா மருத்துவர்களும் இப்படியா என்றால், இல்லை. அதுதான் கொடுமை. தியேட்டருக்குள்ளேயே மனசாட்சி உள்ளவர் ஒருவர் இருப்பார். அவர் கதி என்னவென்று கற்பனை செய்து பாருங்கள்.

"ஓவரியிலயும் ஏதோ இருக்கு. எடுத்துடலாம்."

"சார், கன்சென்ட்ல அது இல்லையே."

"வெளிய ஹஸ்பண்ட் நிக்கிறார்ல? சிஸ்டர், போய் ஒரு சைன் வாங்கிட்டு வாங்க."

"அவங்க முழிச்சப்புறம் கேட்டுக்கலாமே சார், அவசரம் ஒண்ணும் இல்லையே."

"நீங்க அனஸ்தீஷியாவைப் பாருங்க டாக்டர். கன்சென்ட்டை நான் பாத்துக்கறேன்."

தீர்ந்தது நெறிமுறை விவாதம். சின்ன ஊர்களில் மயக்க மருத்துவர் என்பவர் பையைத் தூக்கிக்கொண்டு நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாக ஓடுகிறவர். சர்ஜன் கூப்பிட்டால்தான் கேஸ். இன்று வாய் திறந்தால் நாளைக்கு வேறொருவருக்குப் போன் போகும். அரசு மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. மாணவிக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வாள்? ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் யூனிட் சீஃப். சந்தேகத்தை விழுங்கிவிட்டு ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இத்தனைக்கும் அதே 2002 விதிமுறைகளில் 1.7 என்று ஒன்று இருக்கிறது. சக மருத்துவரின் நெறி தவறிய நடத்தையை, பயமோ தயவோ இல்லாமல் வெளிப்படுத்த வேண்டுமாம். அச்சில் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! அதை நம்பி நடந்தவருக்கு மாத வாடகை யார் கட்டுவது என்று மட்டும் எந்த உட்பிரிவிலும் எழுதவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று வெள்ளைக்காரன் மேல் பக்தி கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவமனைக்கு 1988இல் ஸ்டீபன் போல்சின் என்று ஒரு மயக்க மருத்துவர் வேலைக்கு வந்தார். அங்கே இதய அறுவை செய்துகொள்ளும் குழந்தைகள் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சாவதைக் கவனித்து, 1990இலேயே நிர்வாகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பதிலாகக் கிடைத்தது முறைப்புதான். 1995 ஜனவரி 11 அன்று இரவு, ஒரு பதினெட்டு மாதக் குழந்தைக்கு மறுநாள் அறுவை செய்யலாமா என்று மருத்துவர்கள் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். போல்சின் வேண்டாம் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. மறுநாள் அறுவை. குழந்தை இறந்தது. முந்தின இரவு இப்படி ஒரு கூட்டம் நடந்ததையே யாரும் பெற்றோருக்குச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்திருந்தால் எந்தத் தகப்பன் கையெழுத்துப் போட்டிருப்பான்? மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்பதைவிட முக்கியமான மருத்துவத் தகவல் ஒரு நோயாளிக்கு வேறென்ன இருக்க முடியும்? 2001இல் இயன் கென்னடி விசாரணைக் குழு அறிக்கை வந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால் 30 முதல் 35 பேர் அதிகமாகச் செத்திருக்கிறார்கள் என்றது. உண்மை பேசிய போல்சின் ஆஸ்திரேலியாவுக்கு வேலை தேடிப் போய்விட்டார்.

பிரிஸ்டலிலாவது மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். நம் ஏழைப் பெண்களுக்கு அந்தக் கூட்டமும் கிடையாது. பீகாரின் அராரியா மாவட்டத்தில் 2012 ஜனவரி 7 இரவு, ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், ஒரே சர்ஜன் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை செய்தார். ஆளுக்கு இரண்டே கால் நிமிடம். அந்த இரண்டே கால் நிமிடத்தில் எந்த நொடியில் சம்மதம் கேட்டிருப்பார் என்று சொல்பவருக்கு நான் பரிசு தரத் தயார். இது வழக்காகி, 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் மூடச் சொன்னது. படிவம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லிவிட்டு யோசிக்க ஒரு மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும் என்றது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019இல் அரசுக் குழு கணக்கெடுத்தது. 82,309 பேரில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. மாதவிடாய் வந்தால் கரும்புக்காட்டில் ஒரு நாள் கூலி போகும், ஒப்பந்தக்காரன் அபராதம் போடுவான். அதற்கு வைத்தியம், கருப்பையையே எடுத்துவிடுவது! அவர்களும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தி வாங்கிய கையெழுத்துக்கும் கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்?

தமிழ்நாடு முன்னேறிய மாநிலம். இங்கே டார்ச் வெளிச்சம் கிடையாது, நல்ல எல்.இ.டி. விளக்கு. அரசு மருத்துவமனைகளில் பிரசவம் ஆன கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் காப்பர்-டி போட்டுவிடுகிறார்கள் என்று பெண்கள் பல காலமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். வயிற்றுவலி என்று வேறெங்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் உள்ளே ஒன்று இருப்பதே தெரிகிறதாம். குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாடு சாதனை என்று மேடையில் பேசுகிறவர்கள், சாதனையாளரைக் கேட்டுத்தான் சாதித்தோமா என்றும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

மருத்துவர்களுக்கு என் மேல் கோபம் வரும். விபத்தில் அடிபட்டு வருகிறவனிடம் படிவம் நீட்டிக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். யார் நீட்டச் சொன்னது? உயிர் போகிற அவசரத்தில் கேட்காமலே வெட்டுங்கள். சட்டம் உங்கள் பக்கம், நாங்களும் உங்கள் பக்கம், உங்களைக் கும்பிடவும் செய்வோம். ஒரு நாளைக்கு இருநூறு பேர் வரும் ஓ.பி.யில் விளக்கம் சொல்ல நேரமில்லை என்பார்கள். உண்மை. அதற்காக அரசிடம் சண்டை போடுங்கள், நோயாளியின் கருப்பையிடம் போடாதீர்கள். படிக்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது என்பார்கள். வட்டிக்கடைக்காரன் பத்திரத்தில் ஒரு சொல் மாறினால் கண்டுபிடிக்கிற பாட்டிகள் இருக்கிற ஊர் இது. புரிகிற மாதிரி சொல்லத் தெரியாதது உங்கள் படிப்பின் குறை; அவர்கள் படிப்பின் குறை அல்ல.

பழைய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் இப்போது இருக்கிற தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு வேண்டுகோள். 7.16இல் கணவனை முதல் வரிசையிலிருந்து இறக்கி, நோயாளியை அங்கே உட்கார வையுங்கள். 1.7ஐ நம்பி வாய் திறக்கிற மயக்க மருத்துவருக்கும் பி.ஜி. மாணவிக்கும் பாதுகாப்புக் கொடுங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், கொஞ்சம் வெட்கம் போதும்.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது ஆபரேஷனுக்குப் போனால், புள்ளிக்கோடு காலியாக இருக்கிற படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன ஆபரேஷன் என்று கேட்டு, அதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அடியில் உங்கள் கைப்பட ஒரு வரி சேருங்கள்: 'உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, இதில் எழுதாத எதையும் மயக்கம் தெளிந்தபின் என்னைக் கேட்டே செய்ய வேண்டும்.' நர்ஸ் முறைப்பார், டாக்டர் சிடுசிடுப்பார், துணைக்கு வந்த மாமாகூட "எதுக்கு வம்பு" என்பார். எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத உச்ச நீதிமன்றமே உங்களுக்கு உரிமை கொடுத்து இத்தனை வருடமாகிறது.